குளிர்காலத் தீனி

ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளில் இறங்கும் ஒற்றையடிப் பாதைகளில் சிறிது தூரத்துக்கு ஒருமுறை, குறுக்கே சாய்வாக ஒரு கட்டையோ பட்டைக்கல்லோ புதைத்திருப்பார்கள். நிலத்துக்கு மேலே தெரிவது நான்கு விரல் உயரம்தான். மலைச்சைக்கிளில் இறங்குகிறவருக்கு அது தடங்கல். நனைந்த கட்டையில் சக்கரம் கோணலாக ஏறினால் வழுக்கிப் பக்கவாட்டில் போய்விடும். அதனால் கட்டையை நெருங்கும்போது பிரேக்கிலிருந்து விரலை எடுத்து, முன்சக்கரத்தின் மேலிருக்கும் பாரத்தைக் குறைத்து, நேராகக் கடக்க வேண்டும். கீழே இறங்கிப் பக்கத்தில் குந்திப் பார்த்தால்தான் அது எதற்கு என்று விளங்கும். கட்டையின் மேல்புறத்தில் ஒரு கை அகலத்தில் சிறு வாய்க்கால் இருக்கும். மழைநீரும் பனி உருகிய நீரும் பாதையையே தங்கள் படுகையாக எடுத்துக்கொண்டு இறங்கும். கட்டையில் முட்டியதும் திரும்பிப் புல்லுக்குள் போய்விடும்.

கட்டையை எவ்வளவு சாய்த்து வைப்பது என்பதில் இருக்கிறது வேலைத்திறன். நேர்குறுக்காக வைத்தால் நீர் தேங்கி, மண் படிந்து, வாய்க்கால் சீக்கிரமே தூர்ந்துவிடும். அளவு மீறிச் சாய்த்தால் நீர் வேகமெடுத்துக் கட்டையின் அடியையே அரித்துவிடும். சரியாக வைத்த கட்டையருகே ஓடும் நீர், தன்னோடு வந்த மண்ணையும் லார்ச் மரத்தின் ஊசியிலைகளையும் தானே தள்ளிக்கொண்டு போகும். முழுவதையும் அல்ல, கொஞ்சம் தங்கும். அதை யாராவது மண்வெட்டியோடு வந்து வழித்தெடுக்க வேண்டும். வராமல் விட்டால், அடுத்த இடிமழையில் நீர் கட்டையைத் தாண்டிவிடும். தாண்டிய நீரின் பாரமும் சேர, கீழே உள்ள கட்டைகளும் ஒவ்வொன்றாகத் தோற்கும்.

மலைச்சைக்கிள் பாதைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தையும் காட்சியையும் எழுதுகிறார்கள். அவை இரண்டும் உண்மைதான், நானும் அவற்றுக்காகவே முதலில் அங்கே போனேன். ஆனால் அந்தப் பாதைகளில் யாருக்கு என்ன உரிமை என்ற சண்டை ஆல்ப்ஸ் முழுவதும் நடந்துகொண்டிருக்கிறது. அந்தச் சண்டையில் நடப்பவர், ஓட்டுபவர், நிலக்காரர், வேட்டைக்காரர், விடுதி நடத்துபவர் என்று எல்லோர் குரலும் கேட்கிறது. இந்தக் கட்டையின் சார்பாகப் பேசுகிறவர்கள் குறைவு.

சுவிட்சர்லாந்தின் கிழக்கே, கிராவ்பூண்டன் கன்டோனில் (அந்நாட்டு மாநிலத்துக்கு அதுதான் பெயர்) டாவோஸ் நகரம் இருக்கிறது. அதற்கு மேலே 2,590 மீட்டர் உயரத்தில் யாக்கோப்ஸ்ஹோர்ன் சிகரம். அங்கிருந்து தொடங்கி, மோன்ஷ்டைன் வழியாக, 1,500 மீட்டர் தாழ்வில் உள்ள ஃபிலிசூர் வரை ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் நீளும் ஒரு தடம் உண்டு. உலக மலைச்சைக்கிள் அமைப்பான இம்பா தன் 'எபிக்' பட்டியலில் சேர்த்த தடம் அது. காலையில் கம்பிவண்டியில் உச்சிக்குப் போய், நாள் முழுவதும் இறங்கியும் இடையிடையே ஏறியும், மாலையில் ஃபிலிசூரில் ரயிலேறி டாவோஸ் திரும்பலாம். அந்த ரயில்பாதை 1909இல் திறக்கப்பட்டது. வழியில் 88 மீட்டர் ஆழப் பள்ளத்தின் மேல் வீஸன் கல்பாலத்தைக் கடக்கும்போது, சற்றுமுன் தான் இறங்கிவந்த காட்டைச் சைக்கிள்காரர் ஜன்னலில் பார்க்கலாம்.

அந்தத் தடத்தின் பெரும்பகுதி சைக்கிளுக்காக வெட்டியதல்ல. டாவோஸில் வால்ஸர் மக்கள் குடியமர்ந்ததற்கு 1289ஆம் ஆண்டின் நிலப்பட்டயம் சான்று. மேற்கே வாலிஸ் பகுதியிலிருந்து கணவாய்களைத் தாண்டி வந்த அவர்கள், பள்ளத்தாக்கின் அடியில் கூட்டமாக ஊர் கட்டிக்கொள்ளாமல், உயரத்தில் தனித்தனி வீடுகளாகச் சிதறி வாழ்ந்தார்கள். சிதறி வாழ்கிறவர்களுக்குப் பாதை நிறைய வேண்டும். வீட்டிலிருந்து வைக்கோல் புல்வெளிக்கு ஒன்று, அங்கிருந்து கோடை மேய்ச்சலுக்கு ஒன்று, தேவாலயத்துக்கு ஒன்று, அக்கம்பக்கத்து வீட்டுக்கு ஒன்று. மோன்ஷ்டைனுக்கு அருகே ஈயமும் துத்தநாகமும் தோண்டிய சில்பர்பெர்க் சுரங்கம் இருந்ததால் தாதுவை இறக்கவும் வழி வேண்டியிருந்தது.

இந்தப் பழைய வழிகளில் ஓட்டும்போது உடம்புக்கு ஒன்று தெரியவரும். அவை செங்குத்தாக இறங்குவதில்லை. சரிவைக் குறுக்காகப் பிடித்து, மெல்ல இறங்கி, பாறை வந்தால் வளைந்து, நீரோடை வந்தால் அகலம் குறைந்த இடம் பார்த்துக் கடந்து போகின்றன. கன்றோடு போகும் பசுவுக்கும் முதுகில் பாலாடைக்கட்டி சுமந்து இறங்கும் ஆளுக்கும் பொருந்திய சாய்வு அது. சக்கரத்துக்கும் அதே சாய்வுதான் பொருந்துகிறது. முழங்கால் நோகாமல் இறங்கத் தலைமுறை தலைமுறையாக மக்கள் கண்டுவைத்த கோட்டில்தான் இன்றைக்கு நாம் மகிழ்ச்சியாக உருண்டு போகிறோம். இந்த மகிழ்ச்சி இலவசமாகக் கிடைத்ததென்று நினைப்பது, அந்தத் தலைமுறைகளின் முதுகை மறப்பது.

சக்கரம் பாதையை என்ன செய்கிறது என்பதில் இரு தரப்பும் மிகைப்படுத்துகின்றன. அமெரிக்காவின் மொன்டானாவில் நடந்து 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மனிதரும் குதிரையும் மிதித்துக் கிளப்பும் மண்ணைவிடச் சக்கரம் கிளப்பும் மண் குறைவு என்று கண்டது. உருளும் சக்கரம் பாரத்தைப் பரப்பிக்கொண்டு போகிறது. குளம்பும் பூட்ஸ் குதிகாலும் ஒரே இடத்தில் குத்துகின்றன. ஆகவே சைக்கிள் வந்ததால்தான் மலை கரைகிறது என்கிற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. ஆனால் உருளாத சக்கரம் வேறு கதை. வளைவுக்கு முன் பின்பிரேக்கை இறுகப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு, நிலத்தைக் கீறிக்கொண்டே சறுக்கும். அந்தக் கீறல் எப்போதும் சரிவின் திசையிலேயே விழும், அதாவது நீர் இறங்க விரும்பும் திசையில். முதல் மழை அதைக் கண்டுகொள்கிறது. அடுத்த கோடையில் கீறல் ஒரு சால். அதற்கடுத்த கோடையில் முழங்கால் ஆழப் பள்ளம். நடந்து வருகிறவர் பள்ளத்தில் இறங்க மனமில்லாமல் புல்லில் ஏறிப் பக்கமாக நடக்கிறார். பக்கத்தில் இரண்டாவது பாதை விழுகிறது. பிறகு மூன்றாவது. மேய்ச்சல் வெளியில் ஐந்தாறு பிரிகளாகப் பிரிந்து கிடக்கும் பாதைகளைத் தோண்டிப் பார்த்தால், பலவற்றுக்கு அடியில் தூர்ந்துபோன ஒரு வாய்க்காலும் சில சறுக்கல் தடங்களும் இருக்கும்.

மரங்கள் முடிந்து புல்மட்டும் வளரும் உயரத்தில் இந்தக் கீறலின் விலை இன்னும் அதிகம். அங்கே சரிவுகளைப் பழுப்பும் பச்சையுமாகப் போர்த்தியிருக்கும் கோரையினம் ஒன்று உண்டு, காரெக்ஸ் கர்வுலா என்று பெயர். இலை நுனிகள் பழுத்துச் சுருண்டு, வாடிக்கிடப்பது போலவே எப்போதும் தோன்றும். அதன் வேர்த்தண்டு ஓராண்டில் ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. ஃபூர்கா கணவாய்க்கு அருகே தாவரவியலாளர் கிறிஸ்டியான் கேர்னரும் சகாக்களும் இந்தக் கோரைத் திட்டு ஒன்றின் மரபணுவைப் பரிசோதித்தார்கள். 1996இல் வெளியான அந்த ஆய்வில், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தூர்கள் கொண்ட ஒரு திட்டு முழுவதும் ஒரே செடியின் பரவல் என்றும், அதன் வயது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு என்றும் கணக்கிட்டார்கள். ரோமானியர்கள் இந்தக் கணவாய்களைத் தாண்டிய காலத்தில் முளைத்திருக்கக்கூடிய ஓர் உயிர், முழங்கால் உயரம்கூட இல்லாமல், பாதையின் விளிம்பில் நிற்கிறது. வளைவைக் குறுக்கே வெட்டி இறங்கும் சைக்கிளுக்கு அதைக் கிழிக்க ஒரு நொடி போதும். கிழிந்த இடம் மூடுவதைக் கிழித்தவரோ அவருடைய பேரப்பிள்ளைகளோ பார்க்கப் போவதில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, பாதையை விட்டு இறங்கிச் சக்கரத்தை நிறுத்தும் இடத்தைக்கூட நான் பார்த்துத்தான் தேர்வு செய்கிறேன். பாறை மேல் நிறுத்தலாம், சரளையில் நிறுத்தலாம், புல்லில் கூடாது.

சட்டம் இந்த விஷயத்தை எப்படிப் பார்க்கிறது? எல்லைக்கு எல்லை வேறுவேறாக.

சுவிட்சர்லாந்தில் 1979இல் மக்கள் வாக்களித்து, நடைபாதைகளை அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். 1985இல் அதற்குச் சட்டம் வந்தது. நடைபாதை எதன்மேலாவது தார் போட்டோ கட்டடம் கட்டியோ அதை நடக்க லாயக்கில்லாமல் செய்தால், ஈடாக வேறு வழி அமைக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவு. மஞ்சள் அம்புக்குறிகள் நட்ட 65,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதைகள் இன்று அந்நாட்டில் இருப்பதற்கு அந்த வாக்கெடுப்பும் ஒரு காரணம். சைக்கிளுக்கு அதே இடத்தைக் கொடுக்க 2018வரை ஆனது. அந்த ஆண்டு செப்டம்பரில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஆதரித்து வாக்களித்தார்கள். சைக்கிள்வழிச் சட்டம் 2023 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. மலைச்சைக்கிள் தடங்களும் அதற்குள் அடக்கம். கன்டோன்கள் 2027 முடிவதற்குள் தங்கள் வலைப்பின்னலை வரைபடத்தில் வரைய வேண்டும். 2042 முடிவதற்குள் அமைத்து முடிக்க வேண்டும்.

அதுவரையிலும், ஏன் அதற்குப் பிறகும், ஒற்றையடிப் பாதையில் சைக்கிள் போகலாமா என்ற கேள்வி வழுக்கலானதுதான். 1958ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், வாகனத்துக்கு ஏற்றதல்லாத வழியில் வாகனம் போகக்கூடாது என்கிறது. ஏற்றதா இல்லையா என்பதை யார் சொல்வது? கிராவ்பூண்டன் இதற்குத் தனக்கே உரிய ஒரு விடை வைத்திருக்கிறது. வெளிப்படையாகத் தடை போடாத பாதைகளில் நடப்பவரும் ஓட்டுபவரும் சேர்ந்து போகட்டும், நடப்பவருக்கே முன்னுரிமை. தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, முகம் பார்த்து வணக்கம் சொல்லி, வழிவிட்ட பிறகு நன்றி சொல்லிப் போக வேண்டும் என்று 'ஃபேர்டிரெய்ல்' என்ற பெயரில் பிரசாரமும் செய்கிறார்கள். கேட்க எளிமையாக இருக்கும் இந்த ஏற்பாட்டின் மீது எனக்கு மிகுந்த மரியாதை. முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வரக்கூடியவரைக் கை அசைப்பு ஒன்றால் மனிதனாக்கிவிடுகிறது அது.

எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தால் நிலைமை தலைகீழ். 1975ஆம் ஆண்டின் வனச்சட்டம், பொழுதுபோக்காக யாரும் காட்டுக்குள் நடக்கலாம் என்று திறந்துவிட்டது; ஆனால் வண்டி ஓட்ட நிலக்காரரின் சம்மதம் வேண்டும். லாரி போகும் அகலத்துக்கு இருக்கும் காட்டுச் சாலைக்கும் இதுவே விதி. இந்த முட்டுக்கட்டையைத் தளர்த்த டிரோல் மாநிலம் 1997 முதல் ஒரு வழி கண்டது. நிலக்காரர்களோடு ஒப்பந்தம், தொகை, விபத்துப் பொறுப்புக்குக் காப்பீடு. ஒப்பந்தமான தடங்களில் மட்டும் சைக்கிள். ஓட்டுகிறவர்களில் பலர் இதைக் கஞ்சத்தனம் என்று ஏசுகிறார்கள். எனக்கு அந்த விவசாயியின் அச்சமும் புரிகிறது. 2014 கோடையில் டிரோலின் பின்னிஸ் பள்ளத்தாக்கில், மேய்ச்சல் வெளியைக் கடக்கும் பாதையில் நாயோடு நடந்துவந்த ஜெர்மானியப் பெண்ணொருவரைக் கன்றுகளோடு இருந்த பசுக்கள் மிதித்துக் கொன்றன. 2019இல் இன்ஸ்ப்ரூக் நீதிமன்றம் முழுப் பொறுப்பையும் விவசாயி மேல் போட்டது. மேல்முறையீட்டில் அது பாதியாகக் குறைந்து, 2020இல் உச்ச நீதிமன்றத்திலும் பாதியாகவே உறுதியானது. அந்த வழக்கில் சைக்கிள் எதுவும் இல்லை. ஆனால் தன் நிலத்தின் குறுக்கே இன்னும் வேகமாக இன்னும் நிறையப் பேர் வரப்போகிறார்கள் என்று கேள்விப்படும்போது, ஒரு பால்மாட்டுக்காரர் அந்தத் தீர்ப்பை நினைக்காமல் இருப்பாரா?

தடை, பணம், சகிப்பு என்ற மூன்று வழிகளில் எனக்குக் கிராவ்பூண்டனின் சகிப்புதான் பிடித்தது. ஆனால் அதிலும் ஒரு குறை உண்டு. பாதையில் எப்படிப் போவது என்று அது சொல்லித்தருகிறது. பாதை எப்படி நிற்கிறது என்பதில் போகிறவருக்கு எந்தப் பங்கும் வைப்பதில்லை. நான்காவதாக ஒரு வழி, ஆல்ப்ஸிலேயே, ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது.

வாலிஸ் கன்டோனில் தோர்பெல் என்று ஒரு சிற்றூர். அமெரிக்க மானுடவியலாளர் ராபர்ட் நெட்டிங் அங்கே தங்கி ஆராய்ந்து 1981இல் ஒரு நூல் எழுதினார். பொதுச்சொத்துகளை மக்கள் தாமே காத்துக்கொள்ள முடியும் என்று நிறுவி 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், தன் வாதத்துக்கு எடுத்துக்கொண்ட ஊர்களில் தோர்பெலும் ஒன்று. அந்த ஊரின் 1517ஆம் ஆண்டு விதி ஒன்று சொல்வது இதுதான்: குளிர்காலம் முழுவதும் தீனி போட்டு வளர்க்கக்கூடிய மாடுகளுக்கு மேல் ஒரு மாட்டைக்கூட எவரும் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பக்கூடாது. எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்கவில்லை, கட்டணம் வைக்கவில்லை. குளிர்காலத்துக்கு வைக்கோல் அறுத்து, உலர்த்தி, முதுகில் சுமந்து கொட்டிலில் சேர்ப்பது பெரிய உழைப்பு. அந்த உழைப்பே அளவுகோல். வெளியிலிருந்து மாடு வாங்கிக்கொண்டு வந்து கோடையில் கொழுக்க வைத்து விற்றுவிடலாம் என்று நினைப்பவருக்கு அங்கே இடமில்லை. மேய்ச்சல் உரிமையோடு கடமையும் சேர்ந்தே வந்தது: மேய்ச்சல் நிலத்தைச் செப்பனிடுவது, வேலியைக் கட்டுவது, பனிச்சரிவு கொண்டுவந்து போட்ட கல்லைப் பொறுக்குவது, எருவைப் பரப்புவது.

ஊரார் கூடிச் செய்யும் இந்த வேலையை அங்கே கெமைன்வெர்க் என்பார்கள். நம்மூர் ஏரிகளையும் வாய்க்கால்களையும் காத்துவந்த குடிமராமத்து அதே வகைதான். அதன் கதையில் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1858இல் குடிமராமத்தைக் கட்டாயமாக்கிச் சட்டமே போட்டார்கள். ஆனாலும் அது தேய்ந்தது. மடையைத் திறப்பதிலும் பங்கு பிரிப்பதிலும் ஊருக்கு இருந்த அதிகாரம் அரசுத் துறைக்குப் போன பிறகு, உழைப்பை மட்டும் ஊரிடம் கேட்டால் ஊர் ஏன் வரும்? ஆகவே, உழைப்பைக் கேட்பவர் உரிமையையும் தர வேண்டும். மலைப்பாதைக்கும் இது பொருந்தும். சைக்கிள்காரர்களைத் தூர்வார அழைத்துவிட்டு, எந்தப் பாதையைத் திறப்பது, எதை மூடுவது என்று பேசும் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி போடாமல் இருந்தால், இரண்டாவது ஆண்டு எவரும் மண்வெட்டி எடுக்க மாட்டார்கள்.

சைக்கிளின் குளிர்காலத் தீனி எது என்று கேட்டால், முதல் பத்தியில் சொன்ன அந்த வாய்க்கால்தான். ஒரு பள்ளத்தாக்கு தன் பாதைகளில் எத்தனை சக்கரங்களை விடலாம்? அடுத்த ஜூனுக்குள் எத்தனை வாய்க்கால்களை வழித்து, எத்தனை கட்டைகளை மாற்றி, எத்தனை கல்லடுக்குகளைத் திரும்ப அடுக்க முடியுமோ அத்தனை. அதற்கு மேல் விட்டால், அது கடன் வாங்கிய கோடை.

இந்தக் கணக்கு இப்போது அவசரமாகிவிட்டது. டாவோஸுக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக்கில் 1936 முதல் பனியின் ஆழத்தை அளந்து வருகிறார்கள்; பனியைப் படிப்பதற்கென்றே டாவோஸில் ஒரு நிறுவனம் இருக்கிறது. தாழ்ந்த சரிவுகளில் பனிச்சறுக்கின் நாட்கள் சுருங்கிவருவது ஆல்ப்ஸ் முழுவதும் தெரிந்த செய்தி. குளிர்காலத்தில் வருமானம் குறைந்தால் கம்பிவண்டிகள் கோடையிலும் ஓடியாக வேண்டும். கோடையில் அவற்றில் ஏறுவதற்கு நடப்பவரைவிடச் சைக்கிள்காரர் அதிக முறை டிக்கெட் எடுப்பார், ஏனென்றால் இறங்கியதும் மறுபடி ஏற விரும்புவார். ஒருகாலத்தில் ஏற்றமே காவல்காரனாக நின்றது. ஆயிரம் மீட்டர் மிதித்து ஏறக்கூடியவர் சிலர்தான், அவர்களும் ஒரு நாளில் ஒருமுறைதான் இறங்குவார்கள். கம்பிவண்டியும் மோட்டார் உதவும் சைக்கிளும் அந்தக் காவலை எடுத்துவிட்டன. மோட்டார் உதவும் சைக்கிள்களை நான் வெறுக்கவில்லை. முழங்கால் தேய்ந்து மலையை விட்டிருந்த எத்தனையோ பேரை அவை திரும்ப அழைத்துவந்திருக்கின்றன, கணவாயில் அவர்கள் முகத்தைப் பார்த்தவர்கள் வெறுக்க முடியாது. ஆனால் கால்களும் மூச்சும் வைத்திருந்த வரம்பு போய்விட்ட பிறகு, வேறு வரம்பை மனிதர்கள் உட்கார்ந்து பேசித்தான் வைக்க வேண்டும்.

கம்பிவண்டி நிறுவனங்கள் மண்வாரி இயந்திரத்தால் வெட்டும் வழவழப்பான தடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளைவுகளில் மண்கரை உயர்த்தி, பிரேக் பிடிக்காமலே பாய்ந்து போகும்படி செய்த தடங்கள். லென்ஸர்ஹைடே போன்ற இடங்களில் அவை கூட்டத்தைத் தாங்குகின்றன. பழைய நடைபாதைகளிலிருந்து வேகத்தைப் பிரித்தெடுக்கின்றன. ஏற்கெனவே சறுக்குக்காகச் சமன்படுத்திக் கெடுத்த சரிவுகளில் அவை இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. புதிதாகப் புல்சரிவைத் தோண்டி அமைப்பதை ஏற்க மாட்டேன். இன்னொரு கவலையும் உண்டு. அங்கே மட்டும் ஓட்டிப் பழகும் பிள்ளைக்கு, பாதை என்பது டிக்கெட்டோடு சேர்ந்து வருவது என்றே மனதில் பதியும். காலையில் போனால் இரவோடு இரவாகப் பழுது பார்த்து வைத்திருப்பார்கள். செய்தவர் முகம் தெரியாது.

தாழ்ந்த இடங்களில் பனி குறைகிறது என்றால், உயர்ந்த இடங்களில் பாறையைப் பிடித்துவைத்திருக்கும் நிலத்தடி உறைபனி இளகுகிறது. 2017 ஆகஸ்ட் 23 அன்று கிராவ்பூண்டனின் தெற்கே பிட்ஸோ செங்காலோ மலையிலிருந்து ஏறத்தாழ முப்பது லட்சம் கன மீட்டர் பாறை பொண்டாஸ்கா பள்ளத்தாக்கில் விழுந்தது. பாதையில் நடந்துகொண்டிருந்த எட்டுப் பேர் திரும்பவில்லை. சேறும் கல்லும் கீழே பொண்டோ ஊருக்குள் புகுந்தன. டாவோஸ் தடம் முடியும் ஃபிலிசூரிலிருந்து ஆல்புலா ஆற்றோடு கீழே சென்றால் ப்ரீன்ஸ் வரும். 2023 மே மாதம் அந்த ஊர் முழுவதையும் காலி செய்தார்கள். ஜூன் நடுவில் ஓர் இரவில் மலை இடிந்து ஊரின் விளிம்பில் வந்து நின்றது. ப்ரீன்ஸ் மலையின் அசைவு மிகப் பழையது, அதை உறைபனியின் கணக்கில் சேர்க்கக்கூடாது. ஆனாலும் இரண்டு இடங்களும் பாதைக்காரர்களுக்கு ஒன்றையே சொல்கின்றன. வரைபடத்தில் நிலையாகத் தெரியும் கோடு தரையில் அப்படி இல்லை. 2024 ஜூனில் மிஸோக்ஸ் பள்ளத்தாக்கில் பெய்த மழை நெடுஞ்சாலையையே அறுத்துக்கொண்டு போனது. நெடுஞ்சாலையைச் சில வாரங்களில் கட்டிவிட்டார்கள். அதே மழையில் போன ஒற்றையடிப் பாதைகளுக்கு இயந்திரம் போகாது. கல்லை ஆள்தான் தூக்க வேண்டும்.

ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க இத்தாலியின் மேற்கு ஆல்ப்ஸுக்குப் போக வேண்டும். பியட்மான்டின் மைரா போன்ற பள்ளத்தாக்குகளிலிருந்து இருபதாம் நூற்றாண்டில் மக்கள் சாரிசாரியாகத் தாழ்நிலத்துத் தொழிற்சாலைகளுக்கு இறங்கினார்கள். அவர்களுடைய வாய்மொழிகளைத் தொகுத்து நூத்தோ ரெவெல்லி 1977இல் வெளியிட்ட 'தோற்றவர்களின் உலகம்' நூல் இன்றும் அந்தப் பகுதியின் பெரிய சாட்சி. கூரை சரிந்த கல்வீடுகள், படிக்கட்டு வயல்களின் மேல் ஹேசல் புதர். பாதையும் வீட்டைப் போலத்தான், ஆள் புழங்காவிட்டால் இடிகிறது. பிர்ச்சும் ஹேசலும் இரண்டு பக்கமிருந்தும் கைகோர்த்துக்கொள்கின்றன, தாங்குசுவரின் ஒரு கல் நகர்ந்தால் மற்றவை பின்தொடர்கின்றன. அங்கே சக்கரத்தைக் குற்றவாளியாக நிறுத்துவது அபத்தம். முதுமக்கள் சிலர் மட்டும் மிஞ்சிய இடத்தில், அரிவாளும் ரம்பமும் எடுத்து வந்து வழியைத் திறக்கிற இளைஞர் சைக்கிளில் வந்தால் என்ன, குதிரையில் வந்தால் என்ன? அவர் திறந்த வழியில் நடப்பவரும் போகலாம்.

டாவோஸும் மைராவும் எதிரெதிர் நிலைமைகள். ஓரிடத்தில் சக்கரங்கள் அதிகம், இன்னோரிடத்தில் கால்களே இல்லை. ஆனால் தோர்பெல் விதியை இரண்டுக்கும் போட்டுப் பார்க்கலாம். டாவோஸில் அது வரம்பாகும், மைராவில் அழைப்பாகும். தீனி சேர்க்கக்கூடியவர் எங்கிருந்து வந்தாலும் அவருக்கு மேய்ச்சல் உண்டு.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. இரண்டு நாள் விடுமுறைக்கு வந்து போகிறவர் எப்படி உழைப்பார்? அவரை வராதே என்று சொல்வதா? தோர்பெல் விதியே வெளியூர்க்காரரை விலக்கி வைத்த விதிதானே? உண்மை. பொதுநிலத்தைக் காத்த ஊர்கள் பெரும்பாலும் கதவை இறுகச் சாத்திக்கொண்ட ஊர்கள்தாம், அந்த இறுக்கத்தை இன்றைக்குத் திரும்பக் கொண்டுவர நான் விரும்பவில்லை. ஆனால் இரண்டு நாள் வருகிறவரிடமும் கேட்கக்கூடியது உண்டு. கம்பிவண்டியின் கட்டணத்தில் ஒரு பங்கு நேராகப் பாதை வேலைக்குப் போகட்டும், விளம்பரத்துக்கோ புதிய தடம் வெட்டவோ அல்ல, பழையதைக் காக்க. ஆண்டுதோறும் திரும்பி வருகிறவர்கள், ஊரிலும் பக்கத்து நகரங்களிலும் இருக்கும் சைக்கிள் சங்கங்கள், பயிற்சி தருகிறவர்கள், சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர்கள் ஆகியோரிடம் ஆள்நாளாகவே கேட்கலாம். பனி உருகி மாடுகள் ஏறுவதற்கு முன் ஒரு வாரம், இலையுதிரில் மாடுகள் இறங்கிய பிறகு ஒரு வாரம். அந்த வாரங்களில் ஊர்ப் பணியாளர்களும் மேய்ச்சல் சங்கத்தாரும் எப்படியும் பாதையில் இருப்பார்கள். அவர்களோடு சேர்ந்து கல் தூக்கிய சைக்கிள்காரருக்கும் அவர்களுக்கும் இடையே ஜூலையில் நடக்கும் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கன்டோன்கள் இப்போது வரைபடங்கள் வரைந்துகொண்டிருக்கின்றன. நீளம், உயர வேறுபாடு, கடினத்தின் அளவு, எந்த ரயில் நிலையத்தோடு இணைகிறது என்பவையெல்லாம் அவற்றில் இருக்கும். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் இன்னும் இரண்டு குறிப்புகள் வேண்டும். அந்தப் பாதையை நிறுத்திவைக்க ஆண்டுக்கு எத்தனை ஆள்நாள் ஆகும் என்பது ஒன்று. அவற்றைத் தருவதற்கு யார் யார் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவது கட்டம் காலியாக இருக்கும் கோடுகளை, அவை எத்தனை அழகான சரிவில் இறங்கினாலும், 2027 டிசம்பரில் கன்டோன்கள் கையெழுத்திடும் வரைபடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். ஆட்கள் கிடைத்த பிறகு வரைந்துகொள்ளலாம். அமைத்து முடிக்க 2042வரை அவகாசம் இருக்கிறது.